ரத்தத்துல கூடுது, மூட்டுல குறையுது: முடக்குவாதமும் காம்ப்ளிமென்ட்டும்

எங்க சின்னம்மா ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்காங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவங்க காலையில மூஞ்சி கழுவினதும் கல்லுல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு தனாக்கா கட்டைய வச்சு வட்டம் வட்டமா அரைச்சு ரெண்டு கன்னத்துலயும் பூசிட்டுத்தான் அடுப்பு பக்கமே போவாங்க. போன வருஷம் மழை புடிச்ச நேரம் அந்தக் கட்டைய அவங்களால புடிக்க முடியாம போச்சு. விரல் மடங்கல, விரல் கையோட சேர்ற அந்த முட்டி எல்லாம் வீங்கி பளபளன்னு இருந்துச்சு, மணிக்கட்ட தொட்டா சுடுது. "பத்து மணி ஆனாத்தான் தாயி என் கை எனக்கு வருது"ன்னு சொன்னாங்க. பக்கத்துல இருக்கிற பர்மாக்காரங்க எல்லாம் பார்த்த உடனே லேபெத்நான்னு சொல்லிட்டாங்க, நம்ம பெரியவங்க சரவாங்கின்னு சொல்லுவாங்களே, அதேதான், ரூமடாய்டு ஆர்த்ரைடிஸ், முடக்குவாதம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, ரூமடாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ், ஆன்டி சிசிபி பாசிட்டிவ், முடக்குவாதத்துக்குப் பார்க்கற ரெண்டு டெஸ்ட் இது. கூடவே லூபஸ், அதாவது எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற இன்னொரு நோய், ஏதும் இருக்கான்னு பார்க்கறதுக்கு டாக்டர் காம்ப்ளிமென்ட்ங்கிற ரத்தப் புரதங்கள்ல சி3, சி4 ரெண்டையும் எழுதியிருந்தாரு. சி3 சாதாரணமா 90-ல இருந்து 180 வரைக்கும் இருக்கணும்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், சின்னம்மாவுக்கு அது மேல் எல்லையத் தாண்டி இருந்துச்சு. அந்தப் பேப்பர பார்த்துட்டு பக்கத்து வீட்டு மதினி, நல்லவங்கதான், நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க, காம்ப்ளிமென்ட்னா நோய் எதிர்ப்பு சக்தி தானே, அது உங்களுக்கு நிறையவே இருக்கு, உடம்பு நல்லா சண்டை போடுது, அப்புறம் எதுக்கு டாக்டர் குடுத்த இந்த மாத்திரைய போட்டு ஈரல கெடுத்துக்கறீங்கன்னு. சின்னம்மாவும் மூணு வாரம் மாத்திரைய நிறுத்திட்டாங்க. எனக்குத் தெரிஞ்சப்போ முழங்காலும் வீங்கியிருந்துச்சு.

நான் லேப்ல வேலை பார்க்கிறேன், தினமும் இந்த சி3 சி4 பேப்பர பார்க்கிறேன், ஆனா எங்க வீட்டுக்குள்ளயே இத யாருக்கும் நான் சொல்லிக் குடுக்கல. அதனாலதான் இத உக்காந்து எழுதறேன்.

காம்ப்ளிமென்ட்ங்கிறது ஒரு பொருள் இல்ல, 30-க்கும் மேல புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டம், பெரும்பாலும் ஈரல்ல உண்டாகி ரத்தத்துல தூங்கிக்கிட்டே சுத்திக்கிட்டு இருக்கும். தூங்குதுன்னு சொல்றது சும்மா இல்ல, யாராவது தட்டி எழுப்பினாத்தான் அது வேலை செய்யும். 1890-கள்ல ஜூல் போர்டேன்னு ஒரு பெல்ஜியம்காரரு இதக் கண்டுபுடிச்சாரு, கிருமியக் கொல்ற சீரத்த, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் தெளியற நீர, சூடு பண்ணினா அந்தக் கொல்ற சக்தி போயிடுது, ஆனா கிருமியப் புடிச்சுக்கற புரதமான ஆன்டிபாடி அப்படியே இருக்கு, கொஞ்சம் சூடு பண்ணாத புது சீரம் சேர்த்தா சக்தி திரும்ப வந்துடுது, அப்போ ஆன்டிபாடிக்குத் துணையா இன்னொண்ணு இருக்குன்னு சொன்னாரு. 1919-க்கான நோபல் பரிசு அவருக்குத்தான். துணைக்கு வந்து குறைய நிரப்புறதால பால் எர்லிக் அதுக்கு காம்ப்ளிமென்ட்னு பேர் வச்சாரு. நாங்க லேப்ல இன்னைக்கும் விடிஆர்எல்ங்கிற சிபிலிஸ் டெஸ்டுக்கு சீரத்த 56 டிகிரியில 30 நிமிஷம் வச்சு எடுக்கறது இந்தக் காம்ப்ளிமென்ட்ட அடக்கறதுக்குத்தான், சுமார் நூத்தி முப்பது வருஷம் ஆச்சு, அதே சூடுதான்.

சரி, இது எப்படி எழும்புது? நான் சின்னப் பிள்ளையா பெகுவுல இருந்தப்போ எங்க தெருவுல பாதி வீடு மூங்கில் சுவரு, ஓலைக் கூரை. வெயில் காலம் வந்துட்டா ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் மணல் மூட்டை, தண்ணி வாளி, நீள மூங்கில் நுனியில இரும்புக் கொக்கி மாட்டி வச்சிருக்கணும். எங்கயாவது நெருப்புன்னா ஒரு வீட்டுக்காரர் தகரத்தத் தட்டுவாரு, அதக் கேட்டு அடுத்த வீடு தட்டும், அதக் கேட்டு அதுக்கு அடுத்த பத்து வீடு தட்டும், ரெண்டு நிமிஷத்துல தெருவே எழுந்துடும். அந்தக் கொக்கி எதுக்குன்னா பக்கத்து வீட்டுக் கூரையப் பிச்சு இழுத்துப் போடறதுக்கு, ஓலை இல்லன்னா நெருப்பு தாண்டாது. கூரை போனாலும் பரவாயில்ல, தெரு பிழைக்கும்.

காம்ப்ளிமென்ட்டும் இப்படித்தான். முதல்ல எழும்புற புரதம் அடுத்ததை வெட்டி எழுப்பும், அது இன்னும் பலத எழுப்பும். எழுப்பறதுக்கு மூணு வழி இருக்கு. ஆன்டிபாடி எதையாவது புடிச்சுக்கிட்டு இருந்தா அத சி1க்யூங்கிற புரதம் வந்து தொடும், அது ஒரு வழி. கிருமி மேல இருக்கிற ஒரு மாதிரி சர்க்கரைய அடையாளம் கண்டு எழும்பறது இன்னொரு வழி. மூணாவது வழிதான் எனக்கு எப்பவும் ஆச்சரியம், சி3 யாரும் தட்டாமலே எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமா தானா எழும்பிக்கிட்டே இருக்கும், நம்ம செல்லுங்க மேல அத அடக்கற காவல் இருக்கறதால அணைஞ்சுடும், காவல் இல்லாத இடத்துல உக்காந்துட்டா பத்திக்கும். மூணு வழியும் வந்து சேர்ற இடம் சி3தான்.

சி3 ரெண்டா உடையும். சின்னத் துண்டு சி3ஏ, அது மிதந்து போய் சத்தம் போடற தகரம் மாதிரி. பெரிய துண்டு சி3பி, அது பக்கத்துல இருக்கிற பொருள் மேல ஒட்டிக்கும், சுண்ணாம்பு வச்சுக் குறி போட்ட மாதிரி, இதத் தின்னுன்னு விழுங்கற செல்லுங்களுக்கு அடையாளம். அப்புறம் சி5 உடையும். அதுல வர்ற சி5ஏ இருக்கே, முடக்குவாதத்துல அதத்தான் ரொம்ப கவனிக்கணும், அது நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள கூவிக் கூப்பிடற ஆளு, ரத்தக் குழாய லேசா திறந்து விட்டு வாங்க வாங்கன்னு உள்ள இழுக்கும். மிச்சம் இருக்கிற சி5பி இன்னும் நாலு வகைப் புரதத்தச் சேர்த்துக்கிட்டு செல் தோல்ல ஒரு வளையமா உக்காந்து ஓட்டை போடும். கிருமியா இருந்தா அதோட கதை முடிஞ்சுது.

இதெல்லாம் நம்மளக் காப்பாத்தறதுக்குத்தான். முடக்குவாதத்துல என்ன ஆகுதுன்னா நெருப்பே இல்லாத தெருவுல தகரம் தட்ட ஆரம்பிக்குது, கொக்கிக்காரங்க வந்து நல்ல கூரையப் பிச்சுப் போடறாங்க.

ஏன் தட்டுதுன்னு பார்க்கலாம். ரூமடாய்டு ஃபேக்டர்னா ஆன்டிபாடிக்கு எதிரா உண்டாகற ஆன்டிபாடி. நார்வேயில எரிக் வாலர் 1940-ல இதப் பத்தி எழுதினாரு. ஆன்டி சிசிபின்னு எழுதி வர்றது நம்ம சொந்தப் புரதத்துல சின்ன மாற்றம் ஆனத அன்னியம்னு நினைச்சுப் புடிக்கற ஆன்டிபாடி, மூட்டு வலி வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ரத்தத்துல இருக்கலாம். புகை புடிக்கறவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு அதிகம், ஊருக்கு ஊரு சுருட்டு சுத்தற நாட்டுல இருந்துக்கிட்டு இதச் சொல்லாம விட எனக்கு மனசு வரல, பர்மா சுருட்டுன்னு உலகமே சொல்ற அந்த செரூட்ங்கிற பேரே நம்ம சுருட்டுங்கிற வார்த்தையில இருந்து போனதுதான்.

இந்த ஆன்டிபாடிங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கொத்துக் கொத்தா மூட்டுக்குள்ள சேருது. சி1க்யூவுக்கு அந்தக் கொத்தப் பார்த்தா கிருமியப் புடிச்ச ஆன்டிபாடி மாதிரியேதான் தெரியும், வித்தியாசம் தெரியாது. அவ்வளவுதான், தட்ட ஆரம்பிச்சுடும். வீக்கம் வந்தா ரத்தத்துல ஏறுற சிஆர்பி இருக்கு பாருங்க, அதுவும் சி1க்யூவ எழுப்பற ஆளு. அது போதாதுன்னு மூட்டோட உள்தோல் இருக்கே, சைனோவியம்னு சொல்றது, சாதாரணமா உள்பக்கம் ஒரு செல் ரெண்டு செல் கனம்தான் இருக்கும், முடக்குவாதத்துல அது தடிச்சு வளர்ந்து தானே காம்ப்ளிமென்ட் புரதங்கள உண்டாக்க ஆரம்பிச்சுடுது. ஈரல்ல இருந்து வரணும்னு காத்திருக்க வேண்டியதில்ல, தகரமும் அங்கயே, தட்டற ஆளும் அங்கயே.

இன்னொண்ணு இருக்கு, இத நான் முதல் தடவை படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நம்ம செல் ஒவ்வொண்ணு மேலயும் சிடி55, சிடி59ன்னு காவல் புரதங்கள் இருக்கும், இது நம்ம வீடு, கை வைக்காதன்னு காம்ப்ளிமென்ட்ட தள்ளி நிறுத்தும். ஆனா எலும்பு நுனியில வழுவழுன்னு இருக்கிற குருத்தெலும்போட மேல்பரப்புல செல்லே இல்ல, அப்போ செல் மேல இருக்க வேண்டிய அந்தக் காவலும் இல்ல, ஃபேக்டர் ஹெச் மாதிரி நீர்ல மிதந்து வர்ற காவலத்தான் அது நம்பியிருக்கு. அதனால ஆன்டிபாடி அங்க போய்ப் படிஞ்சா காம்ப்ளிமென்ட்டுக்கு அது திறந்த வீடு. 2002-ல எலிங்க மேல பண்ணின ஒரு ஆராய்ச்சியில, மூட்டு நோய உண்டாக்கற ஆன்டிபாடிய ஊசி போட்டாங்க, சி1க்யூ இல்லாத எலிக்கும் மூட்டு வீங்குச்சு, ஆனா அந்த மூணாவது வழிக்கு வேணும்கிற ஃபேக்டர் பி இல்லாத எலியும் சி5 இல்லாத எலியும் தப்பிச்சுது. அப்போ அந்த எலிங்களுக்கு அந்தத் தானா எழும்பற வழிதான் முக்கியமா இருந்திருக்கு. மனுஷ மூட்டுல ஒரு வழி மட்டும்னு இல்ல, ஒண்ணுக்கு மேல கலந்து ஓடுது.

குருத்தெலும்பு உடைய ஆரம்பிச்சா அந்த உடைஞ்ச துண்டுல சிலதே காம்ப்ளிமென்ட்ட எழுப்புது. பிச்சுப் போட்ட ஓலையப் பார்த்து இன்னும் நெருப்பு இருக்குன்னு தட்டற மாதிரி. இது தானா நிக்காம சுத்திக்கிட்டே போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ சின்னம்மா முழங்காலுக்கு வர்றேன். டாக்டர் ஊசி போட்டு நீர் எடுத்து எங்க லேபுக்குத்தான் அனுப்பினாரு. நல்ல முழங்கால்ல இருக்கிற நீர் ஒரு தேக்கரண்டி கூட வராது, தெளிவா வெளிர் மஞ்சளா இருக்கும், ஊசி நுனியில இருந்து விட்டா பாகு கம்பிப் பதத்துல விழற மாதிரி நூலா நீளும். சின்னம்மாவோட டியூப் அப்படி இல்ல. கலங்கி இருந்துச்சு, டியூபுக்குப் பின்னாடி பேப்பர வச்சா எழுத்து தெரியல, சொட்டு விட்டா தண்ணி மாதிரி பட்டுன்னு விழுந்துச்சு, நூல் இல்ல. அந்த வழுவழுப்பக் குடுக்கற ஹயலூரானிக் ஆசிட் நீர்த்தும் உடைஞ்சும் போயிருச்சுன்னு அர்த்தம். மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தேன், நல்ல மூட்டுல ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் கம்மியா இருக்க வேண்டிய வெள்ளை அணு அங்க ஆயிரக்கணக்குல, முக்காவாசி நியூட்ரோஃபில். இவங்கதான் அந்தக் கொக்கிக்காரங்க. சி5ஏ கூப்பிட்டு வந்தவங்க, வந்த இடத்துல கிருமி இல்ல, விழுங்க முடியாத ஆன்டிபாடிக் கொத்துதான் இருக்கு, கையில வச்சிருந்த, புரதத்த அரிக்கற என்சைம அங்கயே கொட்டறாங்க, அது குருத்தெலும்பத் தின்னுது. இத நான் நிறைய பேர் டியூப்ல பார்த்திருக்கேன், ஆனா சின்னம்மா பேர் எழுதின டியூப கையில புடிச்சுப் பார்த்தது வேற.

ஓட்டை போடற வளையம் என்ன ஆச்சுன்னு கேக்கலாம். நம்ம செல்லுக்கு சிடி59 காவல் இருக்கறதால அது பெரும்பாலும் சாகாது, ஆனா ஓட்டை பாதி விழுந்த செல் சும்மா இருக்காது, வீக்கத்தக் கூட்டற புரோஸ்டாகிளாண்டின், ஐஎல்-6 மாதிரி சாமான வெளிய விட ஆரம்பிக்கும், காய்ச்சல் மாதிரி அசதி, சிஆர்பி ஏறுறது எல்லாம் இந்த வழியிலயும் வரும்.

மதினி குழம்பின இடத்துக்கு இப்போ வரலாம். வீக்கம் இருக்கறப்போ ஈரல் சி3-ய அதிகமா உண்டாக்கும், சிஆர்பி ஏறுற மாதிரியே அதுவும் ஏறும். அதனால முடக்குவாதக்காரங்களுக்கு ரத்தத்துல சி3 நார்மலாவோ அதிகமாவோதான் பெரும்பாலும் இருக்கும். ஆனா அதே ஆளோட மூட்டு நீர்ல பார்த்தா குறைஞ்சிருக்கும். 1964-லேயே அமெரிக்காவுல பெக்கின், ஸ்வைஃப்ளர்னு ரெண்டு டாக்டருங்க வேற மூட்டு நோய்க்காரங்களோட நீரையும் முடக்குவாத நீரையும் வச்சுப் பார்த்து முடக்குவாதத்துல மூட்டுக்குள்ள காம்ப்ளிமென்ட் வேலை செய்யற சக்தி குறைஞ்சிருக்குன்னு காட்டினாங்க. குறைஞ்சதுக்குக் காரணம் அது அங்க இல்லாததால இல்ல, அங்க செலவாகிக்கிட்டே இருக்கறதால. உடைஞ்ச துண்டுங்க, சி3ஏ, சி5ஏ, அந்த வளையம் எல்லாம் மூட்டு நீர்ல நிறைய கிடைக்குது, எரிஞ்ச இடத்துல சாம்பல் கிடக்கற மாதிரி. ரூமடாய்டு ஃபேக்டர் பாசிட்டிவா இருக்கறவங்ககிட்ட இது இன்னும் நல்லாத் தெரியும். வயசானா வர்ற மூட்டுத் தேய்மானத்துல இந்த அளவு செலவு தெரியாது.

லூபஸ் இதுக்கு நேர் மாறு, அங்க சண்டை உடம்பு முழுக்க நடக்கறதால ரத்தத்துலயே சி3 சி4 குறையும், டாக்டர் அந்த டெஸ்ட எழுதினது அதுக்குத்தான். சின்னம்மாவுக்கு சி3 கூட இருந்ததுக்கு அர்த்தம் எதிர்ப்பு சக்தி பலமா இருக்குன்னு இல்ல, வீக்கம் அடங்கலைன்னு. ரத்தத்தப் பார்த்துட்டு மூட்டு அமைதியா இருக்குன்னு சொல்ல முடியாது, ரத்தம் பெரிய ஆறு, மூட்டு ஒரு சின்னக் கிணறு, கிணத்துல என்ன நடக்குதுன்னு ஆத்துத் தண்ணி சொல்லாது.

லேப் ஆளா ஒண்ணு சொல்லணும். காம்ப்ளிமென்ட் வேலை செய்யற சக்தியப் பார்க்கற சிஎச்50-ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதுக்கு எடுத்த சீரம் சூட்டுல கிடந்தா காம்ப்ளிமென்ட் கெட்டுப் போய் பொய்யாக் குறைவாக் காட்டும். நம்ம ஊர்ல கரண்ட் போற லட்சணம் தெரியுமே, அதனால அந்த டெஸ்ட் எழுதிக் குடுத்தா ஐஸ்ல வச்சு எடுத்துப் போற இடமா, ஜெனரேட்டர் இருக்கிற இடமான்னு கேட்டுட்டு ரத்தம் குடுங்க. சும்மா சி3 சி4 மட்டும்னா அவ்வளவு பயம் இல்ல.

இவ்வளவு தெரிஞ்சும் காம்ப்ளிமென்ட்ட அடைக்கற மருந்து முடக்குவாதத்துக்கு ஏன் இல்லன்னு எனக்கும் கேள்வி இருந்துச்சு. மருந்து இருக்கு. சி5-ய அடைக்கற எகுலிசுமாப் 2007-ல ஒரு அபூர்வ ரத்த நோய்க்கு அனுமதி வாங்கிச்சு, சி5ஏ போய் உக்கார்ற இடத்த அடைக்கற அவகோபான் மாத்திரை 2021-ல ரத்தக் குழாய் வீக்க நோய் ஒண்ணுக்கு வந்துச்சு. முடக்குவாதத்துலயும் சி5ஏ இடத்த அடைக்கற வேற ஒரு மாத்திரையக் குடுத்துப் பார்த்தாங்க, 2007-ல ரிசல்ட் வந்தப்போ மூட்டோட உள்தோல்ல வீக்கம் குறையவே இல்ல. எலியில அவ்வளவு நல்லா வேலை செஞ்சது மனுஷன்ல ஏன் செய்யலன்னா, என் புரிதல் என்னன்னா, நோய் ஊறிப் போன மூட்டுல வீக்கத்தக் கூட்டற டிஎன்எஃப், ஐஎல்-6, எதிர்ப்பு சக்தி அணுக்களான டி செல், பி செல்னு பல பேர் சேர்ந்து தட்டிக்கிட்டு இருக்காங்க, ஒருத்தர் கையப் புடிச்சா மத்தவங்க நிறுத்தறதில்ல. அதோட சி5-ய முழுசா அடைச்சா மூளைக் காய்ச்சல் கிருமி ஒண்ணு சுலபமா உள்ள வந்துடும், அந்த வளையம்தான் அதுக்கு முக்கியக் காவல்.

அதனால இன்னைக்கும் முதல் மருந்து மெத்தோட்ரெக்ஸேட்தான். வாரத்துக்கு ஒரு நாள். தினமும் இல்ல, தயவு செஞ்சு இத வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க, தினமும் போட்டா ரத்தம் உண்டாகறதே நின்னு உயிருக்கே ஆபத்து. சின்னம்மாவுக்கு நான் காலண்டர்ல செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் சிவப்பு மை வச்சுக் குடுத்திருக்கேன், ஃபோலிக் ஆசிட் வேற நாள்ல. வேலை செய்ய ஆறு வாரத்துல இருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், நடுவுல ஈரல் டெஸ்டும் ரத்த அணு டெஸ்டும் பார்க்கணும். டிஎன்எஃப்ப அடக்கற ஊசி வரைக்கும் போக வேண்டி வந்தா முன்னாடி டிபி இருக்கான்னு கட்டாயம் பார்க்கணும், டிபி அதிகமா இருக்கிற நாடு நம்மளது, தூங்கிக்கிட்டு இருக்கற டிபிய அந்த ஊசி எழுப்பிவிடும். கடையில நாலஞ்சு மாத்திரையக் கலந்து பொட்டலமாக் கட்டிக் குடுக்கறத மட்டும் வாங்காதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்தா ரெண்டு நாள்ல வலி போன மாதிரி இருக்கும், எலும்பு தேயறதும் சர்க்கரை ஏறுறதும் அப்புறம்தான் தெரியும்.

மதினிகிட்ட இந்தத் தகரம் தட்டற கதையச் சொன்னேன், அவங்களும் ஓலைக் கூரைத் தெருவுல வளர்ந்தவங்க, உடனே புரிஞ்சுது, இப்போ செவ்வாய்க்கிழமை ஆனா அவங்கதான் வந்து மாத்திரை போட்டாச்சான்னு கேக்கறாங்க. நாலு மாசம் ஆச்சு. போன வாரம் எடுத்த ரிப்போர்ட்ல சி3 எல்லைக்குள்ள இறங்கியிருக்கு, சிஆர்பியும் இறங்கியிருக்கு, "குறைஞ்சு போச்சே தாயி"ன்னு சின்னம்மா பயந்தாங்க, இல்ல சின்னம்மா, இது குறைஞ்சது நல்லதுக்குன்னு சொன்னேன். நேத்து காலையில ஏழரைக்குப் போனப்போ வாசல்லயே கல்லுச் சத்தம் கேட்டுச்சு. வலது மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கு, இடது கையால அரைச்சுக்கிட்டு இருந்தாங்க, வர்ற திங்கக்கிழமை டாக்டர்கிட்ட அதக் காட்டணும்.